பையில் ஒரு பாக்கெட் காலி

லிஃப்ட்டக்காவின் கதையை எங்கே தொடங்கினாலும் சுற்றிச் சுற்றி அவள் பையில்தான் வந்து நிற்கும். ஆகவே பையிலிருந்தே தொடங்கிவிடுவோம்.

அடுக்குமாடி வாசல்களில் நிற்கும் காவல்காரர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பையைத்தான். ஒரு பொம்பளை, தோளில் மூட்டை மாதிரி ஒரு பை. உடனே, என்னம்மா விக்கிறீங்க, உள்ளே விடமாட்டாங்க என்று ஆரம்பித்துவிடுவார்கள். லிஃப்ட் பார்க்க வந்திருக்கிறேன் என்றால், மெக்கானிக் எப்போது வருவார் என்று கேட்பார்கள். எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு சாவகாசமாகப் பின்னால் வரும் அவள் கொழுந்தனைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு வணக்கம் போடுவார்கள். அவனும் வெட்கமே இல்லாமல் பதில் வணக்கம் போடுவான். இது எத்தனை வாசலில் நடந்தது என்று அக்கா கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. வைத்திருந்தால் ரத்தக்கொதிப்புதான் வந்திருக்கும்.

தொழிற்பயிற்சிப் பள்ளியில் மின்வேலை படித்தவள். வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். முடித்ததும் ஒரு மோட்டார் கடையில் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தக்காரர் ஒருவர், இடுக்கில் நுழையக்கூடிய ஒல்லியான ஆள் வேண்டும், உயரத்துக்குப் பயப்படக் கூடாது என்று தேடிக்கொண்டு வந்தார். கடையில் இருந்த ஆண்கள் எல்லாரும் தொப்பையைத் தடவிக்கொண்டு நின்றார்கள். இவள் போனாள். உதவியாளாகப் போனவள் மெக்கானிக் ஆனாள். நடுவில் ஒரு தையற்காரரைக் கட்டிக்கொண்டாள். பள்ளிச் சீருடை தைப்பவர், நல்ல மனுஷன், ஆனால் எதையும் நாளைக்கு என்று சொல்கிற மனுஷன். அவருடைய தம்பி வேலைவெட்டி இல்லாமல் கடை வாசலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தான். பொறுக்க முடியாமல் முதலாளியிடம் பேசி அவனைத் தன் உதவியாளாகச் சேர்த்துக்கொண்டதும் அக்காதான். யாரைக் குறை சொல்வது?

லிஃப்ட் வேலை ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று கதவுப் பூட்டு, கம்பிகள், பெட்டி ஓடும் தண்டவாளம் எல்லாம் பார்க்க வேண்டும். இன்னொருவர் அடியில் இருக்கும் குழிக்குள் இறங்க வேண்டும். குழியில் ஆள் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மேலே இருப்பவர் பெட்டியை மெதுவாக ஓட்டிக் காட்டவேண்டிய சோதனை மாதாமாதம் உண்டு. அந்த நேரத்தில் கூரைமேல் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்திருந்தால் கதை முடிந்தது. பெட்டி அதிரும், ஸ்பேனர் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகரும், இடுக்கு வழியே விழும். அத்தனை உயரத்திலிருந்து விழும் இரும்புக்குக் கீழே நிற்பது கொழுந்தனா கவர்னரா என்று பார்க்கத் தெரியாது.

அதனால் அக்கா தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தாள். பையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பாக்கெட். ஒரு பாக்கெட்டில் இரண்டு கருவி கிடையாது, ஒரு கருவிக்கு இரண்டு பாக்கெட் கிடையாது. வேலைக்கு முன்னால் ஒரு பார்வை, வேலைக்குப் பின்னால் ஒரு பார்வை. எல்லாப் பாக்கெட்டிலும் கருவியின் தலை தெரிந்தால் லிஃப்ட் ஓடும். ஒரு பாக்கெட் காலியாக இருந்தாலும் ஓடாது. பிரதமரே மேலே போகவேண்டும் என்றாலும் படியேறித்தான் போகவேண்டும்.

இந்தச் சட்டத்துக்கு ஏற்ற பை கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. அவளிடம் இருந்த பழைய பை அப்படிப்பட்டது. லாரிக்குப் போர்த்துகிற மாதிரி முரட்டுத் துணி. வாய் விரிந்தால் விரிந்தபடி நிற்கும், கை விட்டதும் கப்பென்று மூடிக்கொள்ளாது. உள்பக்கம் வெளிர் நிறம். இருட்டில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். வெளிர் துணிமேல் கறுப்பு இரும்பு பளிச்சென்று தெரியும். தோள்வார் பையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்காமல் அடிவரை சுற்றிப் போய்த் தைக்கப்பட்டிருக்கும். கனம் முழுவதும் வாரில் உட்காரும், தையலில் உட்காராது.

விடுமுறை நாளில் மத்தியானம் அக்கா அந்தப் பையை முழுக்கக் கொட்டிவிடுவாள். கவிழ்த்துத் தட்டித் தூசியெடுத்து, ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயப் போடுவாள். எண்ணெய் ஊறினால் நூல் நைந்துபோகும் என்று ஒவ்வொரு கருவியையும் துடைத்துத்தான் உள்ளே வைப்பாள். ஜிப்பில் மெழுகுவத்தி தேய்ப்பாள். கூர்முனைகளுக்கு ரப்பர் குழாய்த் துண்டில் தொப்பி போடுவாள். பிறகு ஒவ்வொரு பாக்கெட்டாகக் கட்டைவிரலை விட்டு அடித்தையலைத் தடவிப் பார்ப்பாள். இவ்வளவு செய்து வைத்தால் வீட்டில் என்ன நடக்கும்? புருஷன் பாட்டில் மூடி திறக்கக் குறட்டை எடுத்துப்போவார். கொழுந்தன் செல்போன் கவரை ஒட்டுவதற்கு டேப்பை எடுத்துப்போவான். ரெண்டு பேரும் திருப்பி வைக்க மாட்டார்கள். வைத்தாலும் வேறு பாக்கெட்டில் வைப்பார்கள். இது பையா, ஊர்ப் பொதுச்சொத்தா என்று அவள் கத்தாத வாரம் கிடையாது.

பழைய பையின் அடி நைந்துபோய் ஒரு மூலை பிய்ந்தது. புருஷனிடம் கொடுத்தாள். தையல் மெஷினைச் சோறு போடும் சாமி என்று கும்பிடுகிற மனுஷன், பெண்டாட்டி பையின் அடியில் ஒரு துண்டு வைத்துத் தைக்க அவருக்கு நேரமில்லை. பள்ளி திறக்கப்போகிறது என்றார். பள்ளி திறந்தது. ஊசி தாங்காது, தடித்த ஊசி வாங்கவேண்டும் என்றார். வாங்கவில்லை. பை மெஷினுக்கு அடியில் வெட்டுத்துணி போடும் இடமாகிப்போனது. ஒரு நாள் அதற்குள்ளிருந்து சீருடைத் துணிகளை வாரி வெளியே எறிந்துவிட்டு, உங்களுக்குக் கட்டின பெண்டாட்டியைவிட எட்டாம் வகுப்புப் பையனுடைய கால்சட்டை முக்கியமாப் போச்சு என்றாள். அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நாளைக்குக் கண்டிப்பா என்றார்.

சரி, புதிதாக ஒன்று வாங்கித் தொலைக்கலாம் என்று கடைக்குப் போனாள். கடைக்காரர் கண்ணாடி மாதிரி பளபளக்கிற பைகளை எடுத்துப் போட்டார். மழையில் நனையாது, கீழே விழுந்தால் உடையாது என்றார். பை எதற்கு உடையப்போகிறது? அக்கா ஒவ்வொன்றையும் உள்பக்கம் வெளிப்பக்கமாகப் புரட்டினாள். தோள்வாரைக் காலால் மிதித்துக்கொண்டு இழுத்தாள். கொண்டுபோயிருந்த கருவிகளையெல்லாம் போட்டுத் தூக்கி, கடைக்குள்ளேயே மாடிப்படி ஏறி இறங்கினாள். பாக்கெட் எல்லாம் பேனா குத்துகிற அளவுக்குத்தான் இருந்தது. மாப்பிள்ளைகூட யாரும் இவ்வளவு பார்க்க மாட்டாங்கம்மா என்றார் கடைக்காரர். மாப்பிள்ளையைப் பார்க்காமல் விட்டதன் பலனைத்தான் அனுபவிக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். கடைசியில், அலமாரி மேல்தட்டில் தூசி படிந்து கிடந்த ஒரு பை அவளுக்குப் பிடித்தது. மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மறுநாள் முதலாளி எல்லா மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு ஆளுக்கொரு பை கொடுத்தார். கம்பெனி சின்னம், கம்பெனி போன் நம்பர், இரண்டும் பையைவிடப் பெரிசு. இனி எல்லாரும் இதைத்தான் தூக்கவேண்டும், பார்க்கிறவனுக்கு ஒரு மரியாதை வரவேண்டும் என்றார். அக்கா பையைத் திறந்தாள். உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது. டார்ச் அடித்தால் டார்ச் வெளிச்சத்தையும் விழுங்கிவிடும். அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. தையல் ஒற்றை நூல். இது மார்க்கெட்டுக்குப் போக நல்ல பை சார், வேலைக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் சும்மா இருக்காங்க, உனக்கு மட்டும் என்ன என்று முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குமேல் பேசினால் வாய்த்துடுக்கு என்று பேர் வரும். ஏற்கனவே வந்த பேர்தான்.

முதல் வாரமே அடித்தட்டின் ஆணி கழன்று, தட்டு கடகடவென்று ஆடத் தொடங்கியது. அவள் நடந்தால் பை பேசிக்கொண்டே வரும். அக்காவுக்கு அந்தப் பைமேல் ஒரு வெறுப்பு விழுந்துவிட்டது. விடுமுறை மத்தியானங்களில் அதைத் தொடக்கூட இல்லை. துடைக்கவில்லை, தட்டவில்லை, தையலைத் தடவிப் பார்க்கவில்லை. இதைப் பேணி யாருக்கு என்ன ஆகப்போகிறது, பிய்ந்தால் பிய்யட்டும், அப்போதாவது முதலாளிக்குப் புத்தி வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த நிலைமையில்தான் எட்டு மாடிக் கட்டடத்தில் மாதாந்திர வேலை வந்தது. அன்றைக்குப் பார்த்து ஏழாம் மாடிக்கு ஒரு குடும்பம் குடிவந்துகொண்டிருந்தது. கட்டில், பீரோ, மெத்தை, சுருட்டிய பாய், துணி துவைக்கும் மெஷின் எல்லாம் லிஃப்ட் வாசலில் மலையாகக் குவிந்து கிடந்தன. கூலிக்காரர்கள் மெத்தைமேல் உட்கார்ந்திருந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர், பணி ஓய்வு பெற்று வேறு வேலை இல்லாதவர், மாலைக்குள் முடியுமா முடியுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நீங்கள் கேட்கிற நேரத்தில் பாதி வேலை முடிந்திருக்கும் என்று அக்கா சொன்னதை அவர் ரசிக்கவில்லை.

கூரைமேல் நின்று கதவுப் பூட்டுகளை எல்லாம் இறுக்கி முடித்தாள். மிச்சம் இருந்தது குழிச் சோதனை ஒன்றுதான். கொழுந்தன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்க ஏணியை வைத்தான். அக்கா வழக்கம்போலப் பையைப் பார்த்தாள். பத்தாம் நம்பர் ஸ்பேனரின் பாக்கெட் காலி.

அவளுக்குச் சுருக்கென்றது. இப்போதுதானே அதை வைத்துப் பூட்டை இறுக்கினாள். திரும்ப வைத்த ஞாபகம் இருந்தது. ஆனால் ஞாபகத்தை நம்பி ஆளை இறக்க முடியாது. எடுத்தாயா என்று கொழுந்தனைக் கேட்டாள். அவன் சத்தியம் செய்தான். நீ செய்கிற சத்தியம் எத்தனையைப் பார்த்திருக்கிறேன் என்று அவன் சட்டை, கால்சட்டைப் பைகளைத் தடவச் சொன்னாள். இல்லை. கூரைமேல் ஒவ்வொரு மூலையாக டார்ச் அடித்தாள். இல்லை. மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டிவிட்டுக் குழிக்குள் தேடினார்கள். ஒரு குழந்தையின் செருப்பும் பழைய சாவியும் கிடைத்தன, ஸ்பேனர் இல்லை. பெட்டியை அங்குலம் அங்குலமாக ஏற்றிக்கொண்டே சுவரெல்லாம் பார்த்தாள். பையையும் தரையில் கொட்டினாள், கவிழ்த்து உதறினாள். அடித்தட்டு கடகடவென்றது. அது எப்போதும் போடுகிற சத்தம்தானே.

கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமாகாது. கதவுச் சட்டங்களுக்குப் பின்னால், பெட்டிக்கு ஈடாகக் கம்பியின் மறுமுனையில் தொங்கும் எதிர்ப்பளுவின் இரும்புக் கூட்டில், கண்ணுக்கு எட்டாத இடங்கள் எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். இன்றைக்கு முடியாது, இன்னும் இரண்டு பேர் வேண்டும், அதுவரை லிஃப்ட் ஓடாது என்று செயலாளரிடம் சொன்னாள்.

அவ்வளவுதான், கிணறு வெட்டப் பூதம் கிளம்பின மாதிரி ஆயிற்று. குடிவந்த வீட்டுக்காரர், பீரோவை ஏழு மாடி உன் தலையில் வைத்தா தூக்குவது என்று கத்தினார். ஆறாம் மாடி அம்மா காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு மூட்டுவலியைப் பற்றி முழுக்கச் சொல்லி முடித்தாள். கூலிக்காரர்கள் நேரம் போகிறது என்று தனியாகச் சண்டை பிடித்தார்கள். ஒரு ஸ்பேனருக்கா இந்தக் கூத்து, நான் வாங்கித் தருகிறேன் என்றார் செயலாளர். ஸ்பேனர் வேண்டுமென்று நான் அழவில்லை ஐயா, அது எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும் என்று எத்தனை முறைதான் சொல்வாள்? அவர் முதலாளிக்குப் போன் போட்டு, போனை அக்காவிடம் நீட்டினார். ஊரே கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வேறு வைத்திருந்தார்.

முதலாளி எடுத்ததுமே வாய்க்கு வந்தபடி பேசினார். கேட்டு முடித்துவிட்டு அக்கா சொன்னாள்.

"சார், பாக்கெட் காலியா இருக்கு. நான் ஓட்ட மாட்டேன்."

"பாக்கெட்டாவது கீக்கெட்டாவது. மேல இருந்தா கண்ணுல பட்டிருக்காதா? குழிச் சோதனைய விட்டுடு. லிஃப்ட்ட மட்டும் ஆன் பண்ணிட்டு வா."

"ஸ்பேனர் விழுந்து தண்டவாளத்துல மாட்டினா உள்ள ஆளோட நின்னு போகும் சார்."

முதலாளி மூச்சு வாங்கினார். பிறகு கொழுந்தனைக் கேட்டார். நீ சொல்லுப்பா, ஓட்டலாமா வேண்டாமா, உனக்கும் புத்தி இருக்குல்ல என்றார்.

அத்தனை பேரும் கொழுந்தனைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். குழிக்குள் இறங்குகிறவன் அவன். அவனுக்காகத்தான் இந்தச் சட்டம், அவன் தலைக்காகத்தான் இத்தனை பேச்சும் ஏச்சும். ஓட்டக் கூடாது சார் என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துச் சுழற்றினான்.

"எனக்குத் தெரியல சார்," என்றான்.

அந்த வார்த்தைதான் அக்காவைச் சுட்டது. முதலாளி பேசியதுகூட அவ்வளவு சுடவில்லை. சரி, நீ விலகிக்கோ, வேற ஆள அனுப்பறேன், நாளைக்கு ஆபீசுக்கு வந்து பைய வெச்சுட்டுப் போயிடு என்றார் முதலாளி. போன் நின்றது. சிறிது நேரத்தில் கம்பெனியின் இன்னொரு மெக்கானிக் வந்தார். அக்கா அவரிடமும் நடந்ததைச் சொன்னாள், ஸ்பேனர் கிடைக்கவில்லை, பார்த்துச் செய்யுங்கள் என்றாள். அவர் சிரித்துக்கொண்டே லிஃப்ட்டை ஓட்டிவிட்டார். முதலில் பீரோ போனது. ஒன்றும் ஆகவில்லை. ஆறாம் மாடி அம்மா போகும்போது அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்படிப் பார்ப்பதற்கு அந்த அம்மா படியேறியே போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பையைத் தொப்பென்று மூலையில் போட்டாள். கொழுந்தன் வாசலிலேயே நின்றான். புருஷனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். பழைய பையைத் தைத்துக் கொடுத்திருந்தால் என்று அவரே ஆரம்பித்தார், முடிக்கவில்லை. சும்மா இருக்க முடியாமல் கம்பெனிப் பையை எடுத்து மடியில் வைத்து, அதன் தையலைப் பார்க்க ஆரம்பித்தார். தையற்காரர் கை அல்லவா, ஒவ்வொரு பாக்கெட்டாகப் போனது. பத்தாம் நம்பர் பாக்கெட்டில் அவர் விரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அடித்தையல் விட்டுப்போயிருந்தது. வெட்டுக் கத்தியால் உள்துணியை நீளமாகக் கிழித்தார். அடித்தட்டுக்கும் வெளித்துணிக்கும் நடுவில் ஸ்பேனர் மல்லாந்து கிடந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

"வாராவாரம் விரல் விட்டுப் பார்ப்பியே, இதப் பார்க்கலையா?" என்று புருஷன் கேட்டார். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். பைமேல் இருந்த கோபத்தில் பையைப் பார்க்காமல் விட்டது அவள்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு எட்டு மாடியும் நெய்க்கு அலைந்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொண்டு அழவேண்டும் போல இருந்தது, அழவும் செய்தாள்.

கொழுந்தன்தான் மெதுவாக உள்ளே வந்தான். இது இங்கே கிடைத்தது யாருக்குத் தெரியும் என்றான். கதவுச் சட்டத்துக்குப் பின்னால் கிடந்தது, கிளம்பும்போது கண்ணில் பட்டது என்று சொல்லிவிடலாமே. முதலாளி வாயடைத்துப் போவார், வேலையும் தங்கும், ஆபத்தை மதிக்காமல் ஓட்டியது அந்த மெக்கானிக்தான் என்றும் ஆகும். அவன் சொன்னதில் கணக்குத் தப்பே இல்லை. அக்கா ஒரு நிமிஷம் யோசிக்கவும் செய்தாள். பொய் என்றால் ஒரே ஒரு பொய். ஆனால் அதைச் சொன்னால் அந்த மெக்கானிக்கின் வேலை போகும். அதைவிட, நாளைக்கு ஒரு பாக்கெட் காலி என்று அவள் சொன்னால் அவளுக்கே தன் பேச்சில் நம்பிக்கை இருக்காது. நீ வாயைத் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்கவில்லை, இப்போது மூடிக்கொள் என்றாள் அவனிடம்.

புருஷன் அன்று இரவு சாப்பிட்டதும் பழைய பையை எடுத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தார். ஊசி உடைந்தது, மாற்றினார், மறுபடி உடைந்தது. கடைசியில் மெஷினை விட்டுவிட்டு, செருப்புத் தைக்கிற ஊசியை அக்கம்பக்கத்தில் வாங்கிவந்து கையாலேயே தைத்தார். அக்கா அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை முன்னாலேயே செய்திருந்தால் என்று மட்டும் பல தடவை சொன்னாள். அவரும் ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார்.

காலையில் கருவிகளைப் பழைய பையில் அடுக்கிக்கொண்டு, கிழிந்த கம்பெனிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். கொழுந்தனும் பின்னாலேயே வந்தான். முதலாளி மேசையில் பையை வைத்து, அதன்மேல் ஸ்பேனரை வைத்தாள்.

"இதுக்குள்ளதான் சார் இருந்தது. தையல் விட்டு அடிக்குப் போயிடுச்சு. பை மட்டமான பை. அதப் பார்க்காம விட்டது என் தப்பு."

முதலாளி முதலில் ஸ்பேனரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், பைமேல் பழி போடறியா என்றார். ஒரு கட்டடத்தையே நிறுத்தி வைத்தாயே, மெத்தையோடு ஆட்களைக் காக்கவைத்தாயே, எல்லாம் உன் மடியிலேயே இருந்த ஸ்பேனருக்கா என்று அடுக்கிக்கொண்டே போனார். சிரித்து முடித்ததும் அவர் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, போகட்டும், இனிமேலாவது புத்தி வந்ததா என்று கேட்டார். அடுத்த தடவை பாக்கெட் காலியா இருந்து, தேடியும் கிடைக்கலன்னா என்ன செய்வ என்றார்.

அக்காவுக்குத் தெரியும். ஓட்டிவிடுகிறேன் சார் என்று சொன்னால் போதும். வேலை தங்கும். அந்த இரண்டு வார்த்தை தொண்டைவரை வந்தது. வீட்டு வாடகை, தையற்கடையின் மந்தம் எல்லாம் சேர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வந்தன.

"ஓட்ட மாட்டேன் சார்," என்றாள். "நேத்து அது பையிலதான் இருந்ததுன்னு இன்னிக்குத்தானே தெரியும்?"

முதலாளியின் முகம் மாறியது. உன்னைத் திருத்த முடியாதும்மா என்று சொல்லி, கொழுந்தன் பக்கம் திரும்பினார். நேற்று வந்து லிஃப்ட்டை ஓட்டினவர் வெளியே வண்டியில் காத்திருக்கிறார், இன்றைக்கு மூன்று கட்டடத்தில் குழிச் சோதனை இருக்கிறது, இனிமேல் நீ அவரோடு போ என்றார். எண்ணெய் டப்பாவைக் காட்டினார்.

கொழுந்தன் டப்பாவை எடுக்கவில்லை.

"அவர்கூட நான் குழிக்குள்ள இறங்க மாட்டேன் சார்."

என்னடா சொல்றே என்றார் முதலாளி.

"ஸ்பேனர் காணோம்னு அண்ணி சொல்லியும் ஓட்டினவர் அவர். நான் கீழ நின்னாலும் ஓட்டுவார். எனக்கு அண்ணி மேல நின்னாத்தான் இறங்க முடியும். வேணும்னா என்னையும் அனுப்பிடுங்க."

முதலாளி முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். ஆனால் சொல்லி முடித்துவிட்டான். முதலாளி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். குழிக்குள் இறங்குகிற ஆள் தெருவில் கூவினால் கிடைத்துவிடுவானா? ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எங்கோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றிருக்கவேண்டும். கடைசியில் கிழிந்த பையை மேசையிலிருந்து தள்ளிவிட்டு, போய்த் தொலைங்க, ரெண்டு பேரும் போங்க என்றார். மன்னிப்பும் கிடையாது, சமாதானமும் கிடையாது. வேலை இருந்தது.

கொழுந்தன் எண்ணெய் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அக்காவின் பின்னால் படியிறங்கினான். பாதிப் படியில் நின்றாள். அவளுக்கு அவனைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்கவேண்டும் போலவும் இருந்தது.

"இத நேத்து போன்ல கேட்டப்பவே சொல்லியிருந்தா என்ன தம்பி?"

"நேத்து வேலை போயிடும்னு பயம் அண்ணி," என்றான் அவன். எண்ணெய் டப்பாவைக் கைமாற்றிக்கொண்டான். "இன்னிக்கு அவர்கூட போன்னாரு பாருங்க, அப்பத்தான் அதவிடப் பெரிய பயம் வந்துச்சு."